சிக்னல் வந்தது, பதில் வரல!

ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம். நடுக்கடல்ல ஒரு கப்பல் மூழ்கிட்டு இருக்கு. ரேடியோவில் உதவி கேட்டுக் கூப்பிடுது. 20 மைலுக்குள்ள ஒரு கப்பல் சும்மா நிக்குது. 58 மைல் தள்ளி இன்னொரு கப்பல் தன் வழியில் போயிட்டு இருக்கு. காப்பாத்த யார் முதல்ல வருவாங்க?

தூரத்தை வேகத்தால வகுத்துப் பார்த்து, "பக்கத்துல இருக்கிறவங்கதான்"னு சொல்லுவீங்க. நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனா 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் டைட்டானிக் மூழ்கினப்போ நடந்தது அதுக்கு நேர்மாறு. பக்கத்துல நின்ன கலிஃபோர்னியன் வரல. 58 மைல் தள்ளி இருந்த கார்பேத்தியா வந்து 700-க்கும் மேற்பட்டவங்களை ஏத்திக்கிட்டது. அதுக்குள்ள சுமார் 1500 பேர் இறந்துட்டாங்க.

நான் இசிஇ. கம்யூனிகேஷன் பேப்பர்ல நாலு வருஷமா ஒரே படத்தைத்தான் வரையறேன்: டிரான்ஸ்மிட்டர், நடுவுல சேனல், கடைசியில ரிசீவர். ரிசீவர்ல சிக்னல் வந்துட்டா படம் முடிஞ்சது, மார்க் வந்தாச்சு. கடல்ல ஆபத்து அழைப்பு எப்படி வேலை செய்யுதுன்னு படிக்க ஆரம்பிச்சப்போதான் அந்தப் படம் பாதியிலேயே நிக்குதுன்னு புரிஞ்சது. ரிசீவருக்கு அப்புறம் இன்னும் நாலு படி இருக்கு. ஒரு மனுஷன் அதைக் கேட்கணும். கேட்டது ஆபத்துன்னு புரியணும். "இது என் வேலை"ன்னு எடுத்துக்கணும். கடைசியா, கப்பலைத் திருப்பணும். இதுல எந்தப் படி உடைஞ்சாலும் பக்கத்துல இருக்கிற கப்பல் வராது.

ஒவ்வொரு படியா பார்க்கலாம்.

முதல் படி: கேட்கணும்

கலிஃபோர்னியன் கப்பலோட ரேடியோ ஆபரேட்டர் பேர் சிரில் எவன்ஸ். வயசு 20. கப்பல்ல அவர் ஒருத்தர்தான் ஆபரேட்டர். ஷிஃப்ட் மாத்த ஆள் கிடையாது.

அன்னிக்கு ராத்திரி சுமார் 10.20-க்கு பனிக்கட்டிகள் சூழ்ந்ததால கலிஃபோர்னியன் நின்னுடுச்சு. 11 மணி வாக்கில் கேப்டன் சொன்னபடி எவன்ஸ் டைட்டானிக்குக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பினார்: நாங்க பனிக்கு நடுவுல நின்னுட்டோம். டைட்டானிக் ஆபரேட்டர் ஜாக் பிலிப்ஸ், பேசாம இரு, நான் கேப் ரேஸோட வேலையா இருக்கேன்ங்கற மாதிரி பதில் அடிச்சார்.

பிலிப்ஸ் திமிர் பிடிச்சவர்னு நினைக்காதீங்க. இங்க ஒரு இன்ஜினியரிங் விஷயம் இருக்கு. அப்போ இருந்தது ஸ்பார்க் டிரான்ஸ்மிட்டர். ஒரு ஃப்ரீக்வென்சியில் ஒழுங்கா நிக்காது, அகலமான பேண்ட்ல பரவும். பிலிப்ஸ் கேட்டுட்டு இருந்தது தூரத்துல நியூஃபவுண்ட்லாந்து கரையில இருந்த கேப் ரேஸ் நிலையத்தோட பலவீனமான சிக்னலை. அதுக்கு நடுவுல பக்கத்துக் கப்பலோட பலமான சிக்னல் வந்தா காதுல இடி விழுந்த மாதிரி இருக்கும். சிடிஎம்ஏ பாடத்துல நியர்-ஃபார் பிரச்சினைன்னு படிக்கிறோமே, அதோட தாத்தா இது. அது போக, ரேடியோ ஆபரேட்டர்கள் மார்க்கோனி கம்பெனி ஆட்கள். பயணிகளோட தந்தியை அனுப்பிக் கொடுக்கிறதுதான் அவங்க அன்றாட வேலை. அன்னிக்கு பிலிப்ஸ் கையில தந்திகள் குவிஞ்சு கிடந்தது.

எவன்ஸ் கொஞ்ச நேரம் கேட்டுட்டு, 11.30 தாண்டி ஹெட்ஃபோனைக் கழட்டி வெச்சுட்டுப் படுத்துட்டார். காலையில இருந்து வேலை பார்த்தவர். விதிப்படி எந்தத் தப்பும் இல்ல.

டைட்டானிக் பனிப்பாறையில மோதினது 11.40-க்கு.

இப்போ 58 மைல் தள்ளி. கார்பேத்தியாவோட ஆபரேட்டர் ஹெரால்ட் காட்டம். வயசு 21. அவரும் ஒத்தை ஆபரேட்டர்தான். அவரும் படுக்கத்தான் போயிட்டு இருந்தார். வேற ஒரு கப்பல்கிட்ட இருந்து பதில் வருமான்னு ஹெட்ஃபோனை காதுலயே வெச்சுக்கிட்டு உடை மாத்திட்டு இருந்தார். சும்மா ஒரு தகவல் சொல்லலாம்னு டைட்டானிக்கைக் கூப்பிட்டார். உடனே வாங்கன்னு பதில் வந்தது.

20 வயசுல ஒருத்தர், 21 வயசுல ஒருத்தர். நம்ம வயசு. ஒருத்தர் ஹெட்ஃபோனைக் கழட்டினார், ஒருத்தர் கழட்டல. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது படி: புரியணும்

இதோட கதை முடிஞ்சிருந்தா, "தூங்கிட்டாரு, பாவம்"னு விட்டுடலாம். ஆனா கலிஃபோர்னியன்ல எல்லாரும் தூங்கல.

மேல்தளத்துல இரண்டாம் அதிகாரி ஹெர்பர்ட் ஸ்டோன், பயிற்சி அதிகாரி ஜேம்ஸ் கிப்சன் இருந்தாங்க. 12.45 வாக்கில் இருந்து தூரத்துல வெள்ளை ராக்கெட் ஒண்ணு ஒண்ணா வானத்துல வெடிக்கிறதைப் பார்த்தாங்க. மொத்தம் எட்டு. கீழ படுத்திருந்த கேப்டன் ஸ்டான்லி லார்டுக்குப் பேச்சுக்குழாய் வழியா சொன்னாங்க. அது ஏதாவது கம்பெனி சிக்னலான்னு அவர் கேட்டார். தெரியல, எல்லாம் வெள்ளைன்னு பதில் போச்சு. விளக்கால மோர்ஸ் அடிச்சுப் பாருங்கன்னு சொன்னார். அடிச்சாங்க. பதில் இல்ல. கப்பல் கிளம்பல.

அந்தக் காலத்துல கம்பெனிகள் தங்கள் கப்பலை அடையாளம் காட்டவும் ராக்கெட், வண்ண விளக்கு எல்லாம் பயன்படுத்தினாங்க. அதனால "இது அதுவா இருக்குமோ"ங்கற சந்தேகத்துக்கு இடம் இருந்தது. சந்தேகம் வந்தப்போ பண்ணியிருக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: எவன்ஸை எழுப்பி, ரேடியோவைப் போடச் சொல்றது. சில அடி தூரம். விடியற்காலை 5 மணிக்கு மேலதான் அவரை எழுப்பினாங்க. ரேடியோவைப் போட்ட கொஞ்ச நேரத்துலயே விஷயம் தெரிஞ்சுபோச்சு. டைட்டானிக் 2.20-க்கே மூழ்கியிருந்தது.

கலிஃபோர்னியன் கிளம்பியிருந்தா எத்தனை பேர் பிழைச்சிருப்பாங்கன்னு இன்னிக்கும் சண்டை போடறாங்க. 1912 பிரிட்டிஷ் விசாரணை லார்டைக் கடுமையா குறை சொன்னது. 1992-ல் பிரிட்டிஷ் கடல் விபத்து ஆய்வுப் பிரிவு மறுபடி ஆராய்ஞ்சு, தூரம் 17-ல இருந்து 20 மைல் இருந்திருக்கலாம், கிளம்பியிருந்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியாதுன்னு சொன்னது. ஆனா ராக்கெட்டைப் பார்த்த பிறகு செய்ய வேண்டியதைச் செய்யலங்கறதை அதுவும் மறுக்கல.

கார்பேத்தியாவுல என்ன நடந்தது? காட்டம் ஓடிப்போய் கதவைத் தட்டாமகூட கேப்டன் ஆர்தர் ராஸ்ட்ரன் அறைக்குள்ள நுழைஞ்சார். ராஸ்ட்ரன் முதல்ல கப்பலைத் திருப்பச் சொல்லிட்டு, அப்புறம்தான் "உறுதியா தெரியுமா"ன்னு விவரம் கேட்டார். முழு நீராவியும் இன்ஜினுக்குப் போகணும்னு பயணிகளோட அறைகளுக்குப் போற வெந்நீரையும் சூட்டையும் நிறுத்தச் சொன்னார். பனிப்பாறைகளுக்கு நடுவுல ஓட்டி, 4 மணிக்கு வந்து சேர்ந்தார். திருப்பிட்டு விசாரிச்சார் ஒருத்தர். விசாரிச்சுக்கிட்டே இருந்தார் இன்னொருத்தர்.

இன்ஜினியர்கள் சரிசெஞ்சது

இந்த விபத்துக்கு அப்புறம்தான் 1914-ல் சோலாஸ்ங்கற கடல் உயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தோட முதல் வடிவம் லண்டன்ல உருவாச்சு. ரேடியோவை 24 மணி நேரமும் யாராவது கேட்கணும்ங்கறது பெரிய கப்பல்களுக்கு விதியாச்சு.

அடுத்து வந்த ரெண்டு யோசனைகள் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒண்ணு, மௌன நேரம். ஆபத்து அழைப்புக்கான 500 கிலோஹெர்ட்ஸ்ல, ஒவ்வொரு மணி நேரத்துலயும் 15-வது நிமிஷத்துல இருந்து 3 நிமிஷம், 45-வது நிமிஷத்துல இருந்து 3 நிமிஷம், யாரும் பேசக்கூடாது. எல்லாரும் காது மட்டும் கொடுக்கணும். மறந்துடக்கூடாதுன்னு கப்பலோட ரேடியோ அறைக் கடிகாரத்துல அந்த நிமிஷங்களை சிவப்புல பூசி வெச்சாங்க. பிலிப்ஸோட பிரச்சினைக்கு எவ்வளவு எளிமையான விடை பாருங்க.

இன்னொண்ணு, தானியங்கி அலாரம். உதவி கேட்கிற கப்பல் முதல்ல 4 விநாடி நீளமுள்ள கோடு 12 அனுப்பும், நடுவுல 1 விநாடி இடைவெளி. சாதாரண மோர்ஸ்ல இவ்வளவு நீளக் கோடு வராது. கேட்கிற கப்பல்ல இருக்கிற கருவி இதுல சில கோடுகளைத் தொடர்ந்து பிடிச்சாலே மணி அடிச்சு ஆபரேட்டரை எழுப்பிடும். மைக்ரோபிராசஸர் இல்லாத காலத்துல ரிலேயை வெச்சு பண்ணின பேட்டர்ன் ரெகக்னிஷன்! இது எவன்ஸுக்கான விடை.

1992-ல் தொடங்கி 1999 பிப்ரவரி 1-ல முழுமையா நடைமுறைக்கு வந்தது ஜிஎம்டிஎஸ்எஸ். இப்போ ஆபத்துல இருக்கிற கப்பல் மூடியைத் திறந்து சிவப்பு பட்டனை அழுத்திப் பிடிச்சா போதும். விஹெச்எஃப் சேனல் 70-ல டிஜிட்டல் அழைப்பு போகும், கப்பலோட 9 இலக்க அடையாள எண்ணோட, ஜிபிஎஸ் இணைச்சிருந்தா இடத்தோட. சுத்தி இருக்கிற கப்பல்கள்ல அலாரம் கத்தும். கப்பல் மூழ்கிட்டாலும் மிதந்து வெளிய வந்து, 406 மெகாஹெர்ட்ஸ்ல சாட்டிலைட்டைக் கூப்பிடுற பீக்கன் உண்டு.

கேட்கிற பிரச்சினை தீர்ந்தது. புரியுற பிரச்சினையும் பெருமளவு தீர்ந்தது. ஆனா புதுசா ஒண்ணு வந்தது: பொய் அலாரம். தப்பா பட்டனை அழுத்தினது, பீக்கனை சர்வீஸ் பண்றப்போ கை பட்டதுன்னு, வர்ற 406 பீக்கன் அழைப்புகள்ல பெரும்பாலானது உண்மையான ஆபத்து இல்ல. ஹாஸ்டல்ல ஃபயர் அலாரம் அடிச்சா நாம என்ன பண்றோம்? போர்வையை இழுத்து மூடிக்கிறோம். கப்பல்லயும் மனுஷங்கதான் இருக்காங்க.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெருசு. இந்தக் கருவிகள் எல்லாம் பயணிகள் கப்பலுக்கும், சர்வதேசப் பயணம் போற 300 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பலுக்கும்தான் கட்டாயம். சின்ன மீன்பிடிப் படகு, அகதிகளை ஏத்திட்டு வர்ற ரப்பர் படகு எல்லாம் இந்த வலைக்கு வெளியேதான் மிதக்குது.

மூன்றாவது படி: "இது என் வேலை"

2011 மார்ச் கடைசி. லிபியாவில் போர். திரிப்போலியில் இருந்து ஒரு ரப்பர் படகு 72 பேரோட இத்தாலி பக்கம் கிளம்புது. எரிபொருள் தீர ஆரம்பிச்சதும், சாட்டிலைட் போன்ல ரோம்ல இருக்கிற எரித்ரியப் பாதிரியார் முஸ்ஸி ஜெராயைக் கூப்பிடறாங்க. அவர் உடனே இத்தாலிக் கடலோரக் காவல்படைக்குச் சொல்றார். போன் கம்பெனி மூலமா படகோட இடம் துல்லியமா கிடைக்குது. அந்தக் கடல் பகுதியில் இருக்கிற கப்பல்களுக்கு எல்லாம் ஆபத்துச் செய்தி போகுது, ஒரு தடவை இல்ல, நாள் கணக்கா திரும்பத் திரும்ப. அந்த நேரத்துல அங்க நேட்டோ நாடுகளோட போர்க்கப்பல்கள் சுத்திட்டு இருந்தது.

டிரான்ஸ்மிட்டர் வேலை செஞ்சது. சேனல் வேலை செஞ்சது. ரிசீவர் வேலை செஞ்சது.

பிழைச்சவங்க சொன்னபடி, ஒரு ராணுவ ஹெலிகாப்டர் வந்து தண்ணியும் பிஸ்கட்டும் இறக்கிட்டுப் போச்சு. இதோ உதவி வந்துடுச்சுன்னு நம்பி, தன்னை ஆள் கடத்தறவன்னு பிடிச்சுடுவாங்களோங்கற பயத்துல, படகு ஓட்டினவர் போனையும் திசைகாட்டியையும் கடல்ல எறிஞ்சுட்டார். உதவி வரல. சில நாள் கழிச்சு ஒரு பெரிய ராணுவக் கப்பல் பக்கத்துல வந்தது. இறந்துபோன குழந்தைகளைத் தூக்கிக் காட்டினாங்க. அதுவும் போயிடுச்சு. 14 நாள் மிதந்து, ஏப்ரல் 10-ம் தேதி படகு திரும்ப லிபியாக் கரையிலேயே ஒதுங்கினது. 72 பேர்ல பிழைச்சவங்க 9 பேர்.

ஐரோப்பிய கவுன்சில் நாடாளுமன்ற அவைக்காக டினேக்கே ஸ்ட்ரிக் 2012-ல் இதை விசாரிச்சு அறிக்கை கொடுத்தார். அதுல ஒரே ஒரு வில்லன் இல்ல. இத்தாலி, அது லிபியாவோட தேடல்-மீட்புப் பகுதின்னு நினைச்சது. லிபியா போர்ல இருந்தது. செய்தியை எல்லாருக்கும் அனுப்பியாச்சு, ஆனா "நீ போ"ன்னு யாரையும் பேர் சொல்லி அனுப்பல. அந்த ஹெலிகாப்டர் எங்களுதுன்னு எந்த நாடும் ஒத்துக்கல.

லண்டன்ல இருந்த ஒரு ஆய்வுக் குழு, காற்றையும் நீரோட்டத்தையும் வெச்சு படகு மிதந்த பாதையை மாடல் பண்ணி, ரேடார் சாட்டிலைட் படங்களோட ஒப்பிட்டு, அந்த நாட்கள்ல சுத்தி எவ்வளவு கப்பல்கள் இருந்ததுன்னு காட்டினாங்க. நாம லேப்ல படிக்கிற அதே சிக்னல் பிராசஸிங். இங்க அது சாட்சி சொல்லியிருக்கு.

எல்லாருக்கும் அனுப்பின செய்தி ஏன் யாருக்கும் போகல? 1968-ல் பிப் லடானே, ஜான் டார்லின்னு ரெண்டு உளவியலாளர்கள் நியூயார்க்ல ஒரு சோதனை பண்ணினாங்க. மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்கார வெச்சு இண்டர்காம்ல பேச விட்டாங்க. திடீர்னு ஒரு குரல், வலிப்பு வந்து உதவி கேட்குது. உண்மையில் அது பதிவு பண்ணின குரல். தான் ஒருத்தர்தான் கேட்கிறோம்னு நினைச்சவங்கள்ல 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குறதுக்குள்ள உதவிக்கு எழுந்தாங்க. இன்னும் நாலு பேர் கேட்டுட்டு இருக்காங்கன்னு நினைச்சவங்கள்ல 31 சதவீதம்தான். அந்த 31 கெட்டவங்களோட எண்ணிக்கை இல்ல. எழுந்திருக்காதவங்களும் பதறிப்போய்தான் இருந்தாங்க. யாராவது போயிருப்பாங்கன்னு நினைச்சாங்க.

இதைப் படிச்சப்போ எனக்கு உடம்பு கூசினது. காரணம் சொல்றேன். போன செமஸ்டர்ல எங்க பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல ராத்திரி 11 மணிக்கு ஒரு மெசேஜ் வந்தது. கிளாஸ்மேட்டோட அப்பாவுக்கு அவசரமா ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும். குரூப்ல 200-க்கும் மேல ஆட்கள். நான் பார்த்தேன். என் ரத்தம் ஓ நெகட்டிவ்தான். "இவ்வளவு பேர் இருக்காங்க, பக்கத்துல இருக்கிறவங்க யாராவது போயிருப்பாங்க"ன்னு போனைக் கவுத்து வெச்சுட்டேன். முக்கால் மணி நேரம் ஒருத்தர்கூட பதில் போடல. ரெண்டு ப்ரேயர் எமோஜி மட்டும். கடைசியில அவன் எனக்கு நேரா போன் பண்ணி, "டேய், உன் பிளட் குரூப் இதுதானே, வர்றியா?"ன்னு கேட்டான். அடுத்த நிமிஷம் வண்டிச் சாவியைத் தேடிட்டு இருந்தேன். அவங்க அப்பா இப்போ நல்லா இருக்கார். ஆனா அந்த முக்கால் மணி நேரம் நான்தான் கலிஃபோர்னியன்.

நான்காவது படி: கப்பலைத் திருப்பணும்

கேட்டாச்சு, புரிஞ்சாச்சு, நம்ம வேலைதான்னும் தெரியும். இருந்தும் திரும்பாம போற கப்பல் உண்டு. ஏன்னா திரும்பறதுக்கு விலை இருக்கு. எரிபொருள் செலவு, தாமதம், துறைமுகத்துல கைவிட்டுப்போற இடம். காப்பாத்தின பிறகு அவங்களை எங்க இறக்கறதுங்கறது அதைவிடப் பெரிய தலைவலி.

2001 ஆகஸ்ட்ல டாம்பாங்கற நார்வே சரக்குக் கப்பல், ஆஸ்திரேலிய மீட்பு மையம் கேட்டுக்கிட்டதால, மூழ்கிட்டு இருந்த படகுல இருந்து 433 பேரைக் காப்பாத்தினது. ஊழியர்கள் மொத்தம் 27 பேர்தான் இருந்த கப்பல் அது. கேப்டன் ஆர்னே ரின்னன். அவங்களை இறக்கக் கிறிஸ்துமஸ் தீவு பக்கம் போனா, ஆஸ்திரேலிய அரசு அனுமதி மறுத்தது. கடைசியில ராணுவத்தை அனுப்பிக் கப்பலைக் கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டுவந்தது. அடுத்த வருஷம் ரின்னனுக்கும் அவர் குழுவினருக்கும் ஐநாவோட நான்சென் அகதிகள் விருது கிடைச்சது. ஆனா மத்த கேப்டன்கள் இதுல இருந்து படிச்ச பாடம் விருது பத்தினதா இருக்குமா?

சட்டம் என்ன சொல்லுதுன்னா: ஆபத்துச் செய்தி எந்த வழியில் வந்தாலும், உதவ முடியற நிலையில் இருந்தா முழு வேகத்துல போகணும். அவங்க எந்த நாடு, என்ன நிலைங்கறதைப் பார்க்கக்கூடாது. போக முடியலன்னா காரணத்தைக் கப்பலோட லாக் புக்ல எழுதணும். டாம்பாவுக்கு அப்புறம் 2006-ல் இருந்து அரசுகளும் ஒத்துழைச்சு, காப்பாத்தின கப்பலை சீக்கிரம் விடுவிக்கணும்னு விதி வந்தது. ஆனாலும் 2020-ல் மெர்ஸ்க் எட்டியென்ங்கற டேங்கர், மால்டா கேட்டுக்கிட்டதால 27 பேரைக் காப்பாத்திட்டு, இறக்க இடம் இல்லாம ஒரு மாசத்துக்கு மேல கடல்ல நின்னது. நல்லது செஞ்சவங்களுக்கு தண்டனை கொடுத்துட்டு, அடுத்தவன் ஏன் வரலன்னு கேட்க முடியாது.

சரி, நமக்கு என்ன?

நம்ம ஊர்க் கடல்லயும் இந்தப் பாடம் உயிரோட இருக்கு. ஒக்கி புயல்ல கன்னியாகுமரி மீனவர்கள் கடல்ல சிக்கினதை மறந்திருக்க மாட்டீங்க. மீன்பிடிப் படகுகளுக்காக இஸ்ரோ உருவாக்கின ஆபத்து எச்சரிக்கைக் கருவி, சாட்டிலைட் வழியா சென்னையில் இருக்கிற கடலோரக் காவல்படை மீட்பு மையம் மாதிரி இடங்களுக்கு செய்தி அனுப்பும். முதல் தலைமுறைக் கருவியில் செய்தி போகும், அவ்வளவுதான். இரண்டாம் தலைமுறையில் இஸ்ரோ சேர்த்த முக்கியமான வசதி என்ன தெரியுமா? "உங்க செய்தி கிடைச்சது"ன்னு படகுக்குத் திரும்பி வர்ற பதில். நம்ம பாஷையில், அக்னாலெட்ஜ்மென்ட். கடல்ல யாருக்காவது ஆபத்துன்னு உங்களுக்குத் தகவல் வந்தா கரையில் இருந்து கூப்பிட கடலோரக் காவல்படையோட எண் 1554. கடற்கரை ஊர்ப் பசங்க போன்ல சேவ் பண்ணி வையுங்க.

மத்தவங்களுக்கு ஒரு மேடே அழைப்போட வடிவம் போதும். மூணு தடவை மேடே, யார், எங்க, என்ன ஆபத்து, எத்தனை பேர், என்ன உதவி வேணும். உதவி கேட்கிறப்போ இந்த வரிசையில் கேளுங்க. குரூப்ல போட்டுட்டு விடாதீங்க, ஒருத்தரோட பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. "வர்றேன்"னு பதில் வர்ற வரைக்கும் செய்தி போய்ச் சேர்ந்ததா கணக்கு வெச்சுக்காதீங்க.

கேட்கிற பக்கம் இருந்தா, ராஸ்ட்ரன் பண்ணினதைப் பண்ணுங்க. முதல்ல திருப்புங்க, அப்புறம் விசாரிங்க. பொய் அலாரமா இருந்தா கொஞ்சம் பெட்ரோல்தான் நஷ்டம்.

கேம்பஸ் இண்டர்வியூல கம்யூனிகேஷன் சிஸ்டத்தோட பிளாக் டயக்ராம் வரையச் சொன்னா, நான் ரிசீவருக்கு அப்புறம் இன்னும் ஒரு பெட்டி வரையப் போறேன். அதுக்குள்ள ஒரு ஆள் படம். மார்க் போனா போகட்டும்.